கோயிலைத் தாண்டியும் ஒரு தீவு: ராமநாதபுரம் கடற்கரை நாட்குறிப்பு

பிப்ரவரி 26, வியாழன்: மண்டபம், பாம்பன்

ராமேஸ்வரம் போகிறோம் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி "யாருக்குத் திதி?" என்பதுதான். யாருக்கும் இல்லை, தங்கிப் பார்க்கப் போகிறோம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காலையில் தீர்த்தமாடி, மதியம் தனுஷ்கோடியை எட்டிப் பார்த்து, ராத்திரி ரயிலேறினால் முடிந்தது என்பது எல்லோருடைய கணக்கு. விடுமுறைக்குத் தீவு என்றால் பாலி, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று பட்டியல் போடுகிற நம்மவர்கள் வீட்டு வாசலில் கிடக்கும் தீவில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்தல். மகளுக்குக் கல்லூரி விடுமுறை கிடைத்ததும் அத்தையையும் கூட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் திருச்சியிலிருந்து காரில் கிளம்பிவிட்டோம்.

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வரைக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வந்ததும் மண் மாறிவிடுகிறது. வெளுத்த மணல், சாலையின் இரண்டு பக்கமும் பனை, பனைக்கு அடியில் சீமைக்கருவேலம். மாசி மாதம்தான், ஆனாலும் பதினோரு மணிக்கே வெயில் கண்ணைக் கூசியது.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்று எழுதித்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் நிறுத்துகிறார்கள். நாங்கள் பாலம் ஏறும் முன்னாலேயே ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பார்த்தோம். 1914இல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலம் துருவேறி நின்றது, பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொள்ளும், கப்பல் போகும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுசாக, கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே ஏறும். நாங்கள் நின்ற நேரத்தில் கப்பல் எதுவும் வரவில்லை, ரயில் மட்டும் ஒன்று மெதுவாகப் போனது. அத்தை அதற்கும் கும்பிட்டார்.

தங்கிய ரிசார்ட் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில், வடக்குக் கரையில். பெயர் வேண்டாம். ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 5,200 ரூபாய், கடல் பார்த்த அறை என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே சமையலறைக்காகப் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. காசு வாங்கும்போது இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு நிஜமாகவே கோபம். வரவேற்பில் இருந்த பையன் அந்த ஊர்க்காரன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். "வேற ரூம் இல்லக்கா, ஆனா அம்மா குளிக்கிறதுக்கு நல்ல தண்ணி நான் கொண்டாந்து தர்றேன்" என்றான். சொன்னபடியே அவன் வீட்டிலிருந்து இரண்டு குடம் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான், காசு கொடுத்தால் வாங்கவில்லை. சாயங்காலம் கரையில் பனை மரத்தடியில் நாற்காலிகளையும் தூக்கிப் போட்டுவிட்டான். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

ராத்திரிச் சாப்பாடு பாம்பனில் ஒரு அம்மா நடத்தும் சின்ன மெஸ்ஸில். விளமீன் குழம்பும் சோறும் 160, கணவாய்த் தொக்கு தனியாக 120. குழம்பு நீர்க்கத்தான் இருந்தது, ஆனால் புளியும் தேங்காயும் சரியான பதத்தில், மீன் அன்று மதியம் வந்தது. அத்தை வியாழன், வெள்ளியில் கவுச்சி தொட மாட்டார். அதைச் சொன்னதும் அந்த அம்மா, மீன் சட்டி வைத்திருந்த அடுப்புப் பக்கமே போகாமல், உள்ளே இருந்து தன் வீட்டு ஸ்டவ்வை எடுத்து வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு புதுப் பாத்திரத்தில் ரசம் வைத்து, அப்பளமும் பொரித்து, தயிரோடு கொண்டுவந்து வைத்தார். பில்லில் அதற்கு 40 ரூபாய்தான் போட்டிருந்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி: கோயில், வில்லூண்டி, பாம்பன் தெற்குக் கரை

விடியுமுன் கோயில். 22 தீர்த்தமும் ஆடினோம். வாளியில் மொண்டு தலையில் ஊற்றுகிறவர்களின் வேகம் இருக்கிறதே, மூச்சு விடக்கூட நேரம் தருவதில்லை. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு சுவை என்று அத்தை சொன்னார், நானும் கவனித்தேன், ஒன்றில் லேசான உப்பு, அடுத்ததில் அது இல்லை, எல்லாம் ஒரே மதிலுக்குள். வெளிப்பிராகாரத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். ஈரத் துணியோடு அங்கே நடக்கும்போது கல் வழுக்கும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

மதியம் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நீளும் ஒரு சின்னப் பாலம், அதன் முனையில் கிணறு, சுற்றிலும் உப்புக் கடல், கிணற்றில் மட்டும் குடிக்கிற தண்ணீர். வழியில் கருப்பட்டி வாங்கினோம், ஓலைக் கொட்டானில் கட்டி கிலோ 350. பதநீர் இறக்குவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, புதுக் கருப்பட்டி இன்னும் கொஞ்ச நாளில் வரும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், இது போன வருஷத்து இருப்பு என்றும் சொன்னார். அப்படிச் சொல்லி விற்கிறவரிடம் வாங்காமல் எப்படி வருவது, இரண்டு கிலோ வாங்கினோம்.

மூன்று மணிவாக்கில் பாம்பன் தெற்குப் பக்கக் கரையில் வண்டியை நிறுத்தினது கடலைப் பார்க்கத்தான். பார்த்தது வேறு. வல்லம் என்கிற படகுகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துணி, நெற்றியில் நீச்சல் கண்ணாடி, தோளில் சொட்டும் சாக்கு. கடல்பாசி எடுக்கிறவர்கள். பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றியிருந்தார்கள். ஒரு அக்கா உட்கார்ந்து அந்தத் துணியைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல், நுனியில் பழைய வெட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக. என் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்த அக்கா முதலில் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த வயதானவருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் தான் குடித்தார்.

மாதத்தில் எல்லா நாளும் போவதில்லையாம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மற்ற நாளில் போனால் பாசி வளராது, அதனால் அவர்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எங்களிடம் காட்டியது மரிக்கொழுந்துப் பாசி. ஐஸ்கிரீமிலும் இனிப்பிலும் சேரும் அகர் இதிலிருந்துதான் வருகிறது. தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் முன்பு போல எங்கும் இறங்க முடியாது, அதில் அவர்களுக்கு வருத்தம் உண்டு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து அறிவித்த பூங்கா அது. பவளத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக நாள் பார்த்து, அளவு பார்த்து எடுக்கிற இந்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டுதான் அதைக் காப்பாற்ற முடியும் என்று அந்த விரல்களைப் பார்த்த பிறகு உறுதியாக நினைக்கிறேன்.

சாயங்காலம் ரிசார்ட் கரையில் பக்கத்து நாற்காலிகளில் ஒரு குடும்பம். பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் மாதிரி, பேச்சு மட்டும் பிரெஞ்சு மாதிரி. மொரீஷியஸ் தமிழர்கள், தாத்தா காலத்துக்கும் முந்தி கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழி. தைப்பூசத்தை அங்கே முடித்துவிட்டுக் கோயில்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை நாள். பெரியவருக்கு எழுபது இருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியர். தமிழில் பேச வராது, ஆனால் பாட்டு வரும். பர்ஸிலிருந்து அவர்கள் ஊர் ரூபாய் நோட்டை எடுத்து அதில் இருந்த தமிழ் எழுத்தை அத்தைக்குக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்தார், வாசித்து முடித்து அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் எல்லோரும் சேர்ந்தே தனுஷ்கோடி போவது என்று முடிவானது.

பிப்ரவரி 28, சனி: தனுஷ்கோடி

ஐந்தரைக்குக் கிளம்பினோம். ராமேஸ்வரத்தைத் தாண்டியதும் வீடுகள் முடிந்து சவுக்கு வருகிறது, சவுக்கும் முடிந்ததும் வெறும் மணலும் தண்ணீரும்தான். இடது பக்கம் கோதண்டராமர் கோயில் போகும் பிரிவு, அங்கே ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் நின்றன. இறங்கிப் பக்கத்தில் போகாதீர்கள் என்று டிரைவர் தடுத்தார், எழுந்து பறந்துவிட்டால் அன்றைக்கு அவை திரும்பி இறங்காது என்றார். நாங்கள் சாலையிலிருந்தே பார்த்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த வேனில் இருந்தவர்கள் கையைத் தட்டிக் கிளப்பிவிட்டார்கள். படம் எடுக்கிறதுக்காம். இவ்வளவு தூரம் வந்து இரை தேடுகிற பறவையை அப்படி விரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை, போய்ச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அரிச்சல்முனை வரைக்கும் 2017இல்தான் தார்ச்சாலை வந்தது. முனையில் நின்றால் இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, மீனவர்கள் பெண் கடல் என்கிறார்கள். வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். மாசியில் இரண்டுமே அடங்கித்தான் இருக்கும் என்றாலும் வலது பக்கத்தில் அலை மணலை அறுத்துக்கொண்டிருந்தது, இடது பக்கம் கெண்டைக்கால் நனைவதோடு சரி. கைப்பேசியில் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்து விழுந்தது, ரோமிங்கை உடனே அணைத்துவிடுங்கள்.

மொரீஷியஸ் பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: மலை எங்கே? அவருக்குத் தீவு என்றாலே நடுவில் மலை இருக்க வேண்டும். அவர் ஊர் எரிமலை கக்கிக் கக்கிக் கடலிலிருந்து எழுந்தது. இப்போது அங்கே எரிமலை அணைந்துவிட்டது, பக்கத்துத் தீவான ரீயூனியனில்தான் இன்னும் குமுறுகிறது. ஆனால் க்யூர்பீப் ஊருக்கு நடுவிலேயே பழைய எரிமலை வாய் கிண்ணமாகக் கிடக்கிறதாம், உள்ளே மரம் முளைத்து, மேலே கரையில் ஜனங்கள் நடைப்பயிற்சி போகிறார்களாம். அந்தத் தீவின் உச்சி 828 மீட்டர். கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே நடு மேட்டில் ஸ்வெட்டர் போட்டு மழையில் நிற்பார்களாம். சாமரேல் என்ற இடத்தில் எரிமலைப் பாறை மக்கி மண்ணாகி, சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக ஏழு நிறத்தில் கிடக்கிறது. ரிசார்ட்டுகள் எல்லாம் கரையோரம், வருகிறவர்கள் அங்கேயே படுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், மேலே ஏறிப் பார்ப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை. கேட்டதும் எனக்கு நம்ம குறை ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதில் என்னை விட்டுப் போகாதது கரும்புத் தோட்டத்துக் கற்கள். நிலம் முழுக்கக் கருங்கல்லாக எரிமலைப் பாறை. கரும்பு போட வேண்டுமானால் அதைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். கூலிக்குப் போனவர்கள் கையாலேயே பொறுக்கி வயலுக்கு நடுவே குவித்த குவியல்கள் வீட்டு உயரத்துக்கு இன்றும் நிற்கின்றன. அதில் ஏதோ ஒன்றில் தன் பாட்டனார் போட்ட கல்லும் இருக்கும் என்றார்.

அப்புறம்தான் பழைய மாதாகோயிலுக்குள் போனோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு கடல் எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் சென்னையிலிருந்து ரயிலில் இங்கே வந்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடிக்கலாம். இன்று மிஞ்சி நிற்பது கூரையில்லாத சுவர்கள். சுவரில் கையை வைத்த பெரியவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இது கல்லே இல்லையே, பவளம் என்றார்.

நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லின் முகம் அப்படியே தெரிகிறது. ஒரு கல்லில் பென்சில் முனை அளவில் நூற்றுக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தட்டுகள் ஆரம் ஆரமாக. அடுத்த கல்லில் குழியே இல்லை, வளைந்து வளைந்து ஓடும் வரப்புகள். ஒவ்வொரு குழியும் ஒரு சின்ன உயிர் குடியிருந்த வீடு. கடலில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அது போன பிறகு அதன் மேல் அடுத்தது கட்டி, அப்படி உண்டான கல். அந்தக் காலத்தில் இதையே வெட்டி வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இந்தத் தீவே பவளப் பாறையும் அதன் மேல் ஏறிய மணலும்தான். இங்கே மேடு என்று சொல்ல இருப்பது கந்தமாதனம், அதுவும் மணல் மேடு. மொரீஷியஸைச் சுற்றியும் பவள வேலி இருக்கிறது, ஆனால் அது எரிமலைக்கு வெளியே கட்டிய மதில், இங்கே அதுவேதான் தரை என்று பெரியவர் தன் பேரனுக்கு விளக்கினார். நம்ம நாட்டில் உயிரோடு இருக்கிற எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில் இருக்கிறது, மனுஷர் யாரும் கிடையாது என்று என் மகள் அவனுக்குச் சொன்னாள்.

பையன் மணலில் கிடந்த ஒரு வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மீன் வறுத்துக்கொண்டிருந்த ஆத்தா பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போய்யா, அது கடலோடது. கொண்டு போனா கேசு" என்றார். உண்மைதான், வனவிலங்குச் சட்டப்படி பவளம் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கிறது, உடைந்த துண்டாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. பையன் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.

அந்த ஆத்தாவிடமே பாறை மீன் வறுவல் சாப்பிட்டோம், துண்டு 100 ரூபாய். கை கழுவ ஊற்றிய தண்ணீரை அத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீராக இருக்கிறதே என்றார். கடைக்குப் பின்னால் மணலில் ஆள் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி, அதில் ஊறுவதுதான். மணலுக்குள் இறங்கின மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் கலக்காமல் அதற்கு மேலேயே நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், மோட்டார் போட்டு இழுத்தாலும் உப்பு ஏறிவிடும். எங்கள் ரிசார்ட்டுக் குழாயில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் பிடிபட்டது. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற மணல் திட்டில் கிடைக்கிற அந்தக் கொஞ்சம் தண்ணீரை அரிச்சல்முனைக்கு வருகிற நாம் பிளாஸ்டிக் கப்பும் பாட்டிலுமாக மூடிக்கொண்டிருக்கிறோம். குப்பைத்தொட்டி இருக்கிறது, அதைச் சுற்றித்தான் குப்பை கிடக்கிறது. தயவுசெய்து கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

மார்ச் 1, ஞாயிறு: திருப்புல்லாணி, கீழக்கரை

அறையைக் காலி செய்துவிட்டுத் தீவைத் தாண்டி, ராமநாதபுரத்திலிருந்து தெற்கே திரும்பினோம். திருப்புல்லாணியில் பாயசப் பிரசாதம் அத்தைக்குக் கிடைத்தது, எங்களுக்கு ஆளுக்கு ஒரு மடக்கு. சேதுக்கரையில் கடல் பார்த்துவிட்டுக் கீழக்கரை நெருங்கும்போது டயர் இறங்கிவிட்டது. சீமைக்கருவேல முள், ரப்பருக்குள் முழுசாக இறங்கியிருந்தது.

ரமலான் மாதம், மதியம் இரண்டரை, கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. பஞ்சர் கடை பாய் நோன்பு. கொதிக்கிற வெயிலில் வறண்ட நாக்கோடு உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து, இன்னொன்றிலும் முள் இருக்கிறது என்று காட்டி ஒட்டினார். 250 ரூபாய். அதற்குள் அவர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, அத்தையை உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, வாழைப்பழமும் தண்ணீரும் வைத்துவிட்டார். நீங்கள் பட்டினி இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது என்று அத்தை தயங்கினார். "நோன்பு எங்களுக்குத்தான, உங்களுக்கு என்னம்மா, சாப்பிடுங்க" என்று பழத்தை உரித்தே கையில் கொடுத்துவிட்டார்.

வண்டி தயாரானதும் ஜும்மா பள்ளிவாசல் பார்க்கப் போனோம். வெளியிலிருந்தே பார்த்தோம், முழுக்கக் கருங்கல், தூணும் போதிகையும் நம் கோயில்களில் பார்க்கிற அதே சிற்பி மரபு. பக்கத்திலேயே சீதக்காதியின் அடக்கம். செத்தும் கொடை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஆள் இந்தத் தெருவில் நடந்தவர் என்பது மகளுக்குப் புதுசு. தொதல் வாங்கினோம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் போட்டு மணிக்கணக்காகக் கிண்டுகிற அல்வா, அரைக்கிலோ 180. விரலில் ஒட்டாது, பல்லில் ஒட்டும்.

கிளம்பும்போது பாயின் மகன் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தான், கையில் தூக்குவாளி. அஸர் தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றிவிட்டார்களாம், உம்மா கொடுத்துவிட்டு வரச் சொன்னார்களாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கறி, மேலே தேங்காய்ப்பால். காரின் பானெட்டின் மேல் தூக்குவாளியை வைத்து நாலு பேரும் எங்கள் டம்ளர்களில் ஊற்றிக் குடித்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அத்தைக்கும் தடையில்லை, இரண்டாவது தரம் கேட்டு வாங்கினார்.

பையன் வாளியை வாங்கக் கையை நீட்டினான். அத்தை தரவில்லை. "வெறும் பாத்திரத்தையா கொடுத்து அனுப்புவாங்க?" என்று என்னைத்தான் திட்டினார். தண்ணீர் ஊற்றிக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, தங்கச்சிமடத்துக் கருப்பட்டியில் ஒரு கிலோவை எடுத்து உள்ளே அடுக்கினார், மூடி சரியாக மூடவில்லை. "உம்மாகிட்ட சொல்லு, போன வருஷத்து இருப்புதான், ஆனா நல்லா இருக்கும்னு" என்று சொல்லி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார்.